சான்சிபாரில் ஏழு இரவுகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் கணவரும் ஒரு வாரம் சான்சிபார் சென்று வர எண்ணியுள்ளோம். ஏழு இரவுகளையும் கடற்கரை விடுதியிலேயே பதிவு செய்யும்படி பயண முகவர் வற்புறுத்துகிறார். அது சரியா? எந்த மாதம் ஏற்றது? (ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில்: சரியில்லை. வெண்மணலும் நீலக்கடலும் எத்தனையோ தீவுகளில் கிடைக்கும். தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபாரை மற்றத் தீவுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தின் சுவாஹிலி பண்பாட்டில் பிறந்த அதன் பழைய நகரமான ஸ்டோன் டவுன்தான். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகரத்தில் மூன்று இரவுகளாவது தங்குங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட, ஓரளவு குளிர்ந்த காலம். டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை வெயில் கூடுதலாக இருந்தாலும் பயணத்திற்கு ஏற்றதே. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை கொட்டும் 'மசிக்கா' மழையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பருவத்துக்கேற்பத் திசை மாறும் காற்றுதான் இத்தீவின் வரலாற்றையும் எழுதியது: வடகிழக்கிலிருந்து வீசும் 'கஸ்காசி' காற்றில் பாய்விரித்து அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வணிகர்கள், திசை மாறித் தெற்கிலிருந்து 'கூசி' காற்று எழும்வரை ஊர் திரும்ப வழியின்றி இக்கரையில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் வளர்ந்த கொடுக்கல் வாங்கலும் மண உறவுகளும்தான், அடித்தளத்தில் ஆப்பிரிக்க பாந்து மொழியாகவும் சொற்களில் கணிசமான பங்கு அரபாகவும் உள்ள சுவாஹிலியையும் அதன் பண்பாட்டையும் செழிக்கச் செய்தன.

ஸ்டோன் டவுனில் வழிகாட்டியின் வேகத்துக்கு ஓடாமல், ஏதேனும் ஒரு சந்தில் நின்று ஒரே ஒரு வாசலை நிதானமாகப் பாருங்கள். நேரான மேல்விட்டத்துடன் பூவும் கொடியும் செதுக்கிய கதவு என்றால் பெரும்பாலும் அரபு மரபு. மேற்புறம் வளைந்திருந்தால் இந்திய மரபு. கதவில் வரிசையாகத் துருத்தி நிற்கும் பித்தளைக் குமிழ்களும், யானைகள் கதவை முட்டாமலிருக்க இந்தியாவில் தோன்றி அங்கிருந்து வந்த வழக்கம் என்பார்கள். யானையே இல்லாத ஊரில் யானையைத் தடுக்கும் குமிழ்கள்! பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய அவ்வீடுகளின் அறைகள் நீண்டு குறுகியிருப்பதற்குக் காரணம், கூரையைத் தாங்கும் சதுப்புநில (அலையாத்தி) மரக் கம்புகளின் நீளத்துக்கு மேல் அறையை அகலப்படுத்த முடியாது என்பதே. வாசலை ஒட்டிய கல்மேடைக்கு அங்கே 'பராசா' என்று பெயர், நம் திண்ணையேதான். மாலையில் அதில் காபியும் ஊர்ப்பேச்சும் நடக்கும். பெருமழையில் சந்து நிரம்பினால் அதுவே நடைபாதையும் ஆகும்.

பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்திற்குக் கட்டாயம் செல்லுங்கள். 1873இல் சந்தை மூடப்பட்ட பின் அவ்விடத்தில் ஆங்கிலிக்கன் பேராலயம் எழுந்தது. வளாகத்தில், ஒரு குழிக்குள் கழுத்தில் சங்கிலியுடன் நிற்கும் அடிமைகளின் சிலைகள் உள்ளன. அன்று வேறு எதையும் திட்டமிட வேண்டாம். கிராம்புத் தோட்டத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கிழக்குக் கரையில் பகலில் கடலே காணாமல் போய்விடுகிறது என்கிறார்களே?

பதில்: பாஜே, ஜாம்பியானி பக்கம் வற்றத்தின்போது நீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும் என்பது உண்மை, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இன்னும் அதிகம். நீந்துவதே நோக்கமென்றால், அந்த வேறுபாடு குறைவாகத் தெரியும் வடமுனையின் நுங்குவி அல்லது கெண்ட்வாவைத் தேர்ந்தெடுங்கள். நானாக இருந்தால் ஜாம்பியானிக்கே போவேன்: நீர் வற்றிய தரையில் குச்சிகளை நட்டு, கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கும் பெண்களின் வேலையை அங்கேதான் அருகிலிருந்து பார்க்க முடியும். பாறையும் முள் நிறைந்த கடல்முள்ளெலிகளும் இருப்பதால் காலணியின்றி இறங்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு உண்பவர்கள். உணவு, ஆவணங்கள், உடை குறித்துச் சொல்லுங்கள்.

பதில்: பட்டினி கிடக்க மாட்டீர்கள். தேங்காய்ப்பாலில் வெந்த பயறும் 'சப்பாத்தி' என்ற அதே பெயரிலேயே சப்பாத்தியும் கிடைக்கும். இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்பதற்கு, 'சிலி நியாமா வாலா சமாகி' என்று சொல்லுங்கள்.

தான்சானியாவின் விசாவே சான்சிபாருக்கும் போதும். இணையவழியில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். 2024 அக்டோபர் முதல், வேறு காப்பீடு வைத்திருந்தாலும், சான்சிபார் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் பயணக் காப்பீடு கட்டாயம். நடைமுறைக்கு வந்தபோது பெரியவருக்குக் கட்டணம் 44 அமெரிக்க டாலர். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்திற்கு மேல் தங்கி வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். மலேரியா குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீவில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள் என்பதால் நகரில் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். நீச்சலுடை கடற்கரையோடு நிற்கட்டும். ரமலான் மாதத்தில் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே தடை உண்டு.

இன்னொன்று: பழைய நாழிகைக் கணக்கைப் போலவே சுவாஹிலி நேரமும் விடியலிலிருந்தே தொடங்குகிறது, காலை ஏழு மணிக்கு அவர்கள் கணக்கில் மணி ஒன்று. படகுக்காரர் 'சா ம்பிலி', அதாவது இரண்டாம் மணி என்றால், அவர் வரச் சொல்வது காலை எட்டு மணிக்கு. மதியம் இரண்டுக்கு நீங்கள் போய் நின்றால், படகு போய்த் திரும்பியே இருக்கும்.