பிரதமர் ஆக வேண்டும் என்று சொல்லும் மகளுக்கு என்ன படிப்பு?

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்தப் பேச்சு மனத்திலேயே நிற்கிறது. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் "என்னம்மா ஆகப்போற?" என்று கேட்க, அவள் "பிரதமராகணும்" என்று சொன்னாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றீர்கள். இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடுத்து அரசியல் அறிவியல் படிக்கப்போகிறேன் என்கிறாள். படித்தால் என்ன வேலை கிடைக்கும், நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று கேட்டீர்கள். அன்று வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலமைச்சர் என்றாலே நமக்குச் சென்னைதான் நினைவுக்கு வரும். பிரதமர் பதவி வருவதற்கு முன் நம் சிங்கப்பூருக்கும் முதலமைச்சர் இருந்தார், 1955 ஏப்ரலிலிருந்து 1959 ஜூன் வரை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து ரெண்டல் அரசமைப்பின்படி நடந்த தேர்தலில் சட்டமன்றத்தின் 32 இடங்களில் 25 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். அதில் 10 இடங்களைப் பிடித்த தொழிலாளர் முன்னணியின் தலைவர் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். யூத வழக்கறிஞர், எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்திலிருந்து வந்தவர். பதவி கிடைத்ததே தவிர அதிகாரம் கிடைக்கவில்லை. நிதியும் உள்நாட்டுப் பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டிஷ் அதிகாரிகளிடமே இருந்தன. உட்கார்ந்து வேலை பார்க்க ஓர் அறைகூட முதலில் ஒதுக்கவில்லை. எம்ப்ரஸ் பிளேஸ் அரசாங்க அலுவலகத்துக்கு வெளியே இருந்த மரத்தடியில் மேசை போட்டுக்கொள்வேன் என்று அவர் ஆளுநரிடம் சொன்ன பிறகுதான், படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை கொடுத்தார்கள்.

அந்த மனிதர் 14 மாதம்தான் பதவியில் இருந்தார். முழுச் சுயாட்சி கேட்டு லண்டனுக்குப் போனார், பேச்சு முறிந்தது, சொன்ன சொல்படி 1956 ஜூனில் விலகிவிட்டார். ஆனால் அவர் தொடங்கிய ஒரு வழக்கம் இன்றும் நம் புளோக்குக்குக் கீழேயே நடக்கிறது: தொகுதி உறுப்பினரிடம் மக்கள் நேரில் வந்து குறைகளைச் சொல்லும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் இதற்குத் திரும்பி வருகிறேன்.

அடுத்து வந்த லிம் இயூ ஹொக் பல்கலைக்கழகம் போகாதவர். எழுத்தராக வேலை பார்த்து, எழுத்தர்கள் சங்கத்தின் வழியாக மேலே வந்தவர். 1959 மே 30ஆம் தேதி நடந்த தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43 இடங்களை வென்றது. சுயாட்சி கிடைத்தது, முதலமைச்சர் பதவி போய்ப் பிரதமர் பதவி வந்தது. அப்போது லீ குவான் இயூவுக்கு வயது 35. 1963இல் மலேசியாவின் ஒரு மாநிலமாகச் சேர்ந்து 1965இல் பிரியும் வரையிலும்கூட நம் அரசாங்கத் தலைவருக்குப் பிரதமர் என்ற பெயரே நீடித்தது.

லீ குவான் இயூ வழக்கறிஞர். 1990இல் வந்த கோ சோக் டோங் பொருளியல் படித்தவர், கப்பல் நிறுவனம் நடத்தியவர். 2004இல் வந்த லீ சியன் லூங் கணிதம் படித்து ராணுவத்தில் பணியாற்றியவர். 2024 மே மாதம் பொறுப்பேற்ற லாரன்ஸ் வோங் பொருளியல் படித்து, வர்த்தக, தொழில் அமைச்சில் பொருளியல் அலுவலராகத் தொடங்கியவர். அரசியல் அறிவியல் படித்தால்தான் அந்த நாற்காலி என்று எதுவுமில்லை. மகளிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: 1959லிருந்து இன்றுவரை அதில் அமர்ந்தவர்கள் நான்கே பேர். பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. நாடாளுமன்றத்தில் பெரும்பாலோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறதோ அந்த உறுப்பினரை அதிபர் நியமிக்கிறார். "தர்மன் மாதிரி" என்று அன்று சொன்னீர்கள். அவர் அதிபர், நாட்டின் தலைவர், மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். அரசாங்கத்தின் தலைவர் பிரதமர். இரண்டு வேலைகளும் வேறு வேறு.

நம்ம மாதிரி வீடு என்றால் என்ன? நம் அரசமைப்பில் நாடாளுமன்ற உறுப்பினருக்கான தகுதிகளைப் பாருங்கள். குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், மொத்தம் 10 ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதோடு ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவற்றில் ஒன்றிலாவது அவை நடவடிக்கையில் கலந்துகொள்ளும் அளவுக்குப் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பட்டம் வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. தமிழ் போதும் என்று எழுதியிருக்கிறது. எஸ். ராஜரத்னம் சட்டப் படிப்பை முடிக்காதவர், பத்திரிகையாளர். நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரானார். எஸ். ஆர். நாதன் எழுத்தராக வேலை பார்த்து, பிறகு சமூகப் பணியில் டிப்ளோமா வாங்கியவர், அதிபரானார். உங்கள் வீட்டைவிட வசதி குறைந்த வீடுகளிலிருந்தும் போயிருக்கிறார்கள், அக்கா.

சரி, வேலைக்கு வருவோம்.

தேசியப் பல்கலைக்கழகத்தில் மனிதவியல், அறிவியல் கல்லூரியில் சேர்ந்தால் முதல் நாளே முதன்மைப் பாடத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை. அரசியல் அறிவியலோடு பொருளியலையோ புள்ளியியலையோ சேர்த்து எடுக்கலாம். என் அழுத்தமான ஆலோசனை அதுதான். எண்களைப் படிக்கத் தெரிந்த அரசியல் மாணவிக்கு அமைச்சுகளில் கொள்கை வகுக்கும் வேலைக்கும், வங்கிகளில் இடர் மதிப்பீட்டு வேலைக்கும் கதவு திறக்கும். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் அரசியல் அறிவியல் இருக்கிறது. நன்யாங்கில் பொதுக்கொள்கை, உலக விவகாரம் என்று ஒரு படிப்பு இருக்கிறது. சட்டம் வேண்டுமென்றால் மதிப்பெண் மட்டும் போதாது, நேர்முகத் தேர்வுக்கும் தயாராக வேண்டும்.

பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விண்ணப்பிக்கட்டும். ஆனால் படிப்பு முடிந்து அரசாங்கத்தில் வேலை பார்க்க வேண்டிய ஒப்பந்தக் காலத்தைச் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளூர்ப் படிப்புக்கு 4 ஆண்டு, ஆங்கிலம் பேசும் வெளிநாட்டில் படித்தால் 6 ஆண்டு. அரசாங்க அதிகாரியாக இருக்கும்வரை கட்சி அரசியலில் இறங்க முடியாது. கோ சோக் டோங்குக்குப் பிறகு வந்த இருவருமே அரசாங்கப் பொறுப்பை விட்டு விலகித்தான் தேர்தலில் நின்றார்கள். இந்த இரண்டு பாதையும் அருகருகே ஓடும், ஒன்றாக ஓடாது. பதினெட்டு வயதில் இது புரிந்திருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

அவளுடைய தமிழைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மேல்நிலைத் தேர்வுக்கு எச்2 நிலையில் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுத்திருக்கிறாள், நல்ல தரமும் வாங்குகிறாள். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், அதை உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். செய்தித்துறைக்கும் அரசாங்க அறிவிப்புகளுக்கும் ஆள் வேண்டும். அரசியலும் சட்டமும் புரிந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் சரளமாக எழுதுகிற பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி வருவதில்லை. தயவுசெய்து அந்தப் பாடத்தை விடச் சொல்லாதீர்கள்.

இப்போது அந்த மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. நான் இளைஞனாக இருந்தபோது சில ஆண்டுகள் அங்கே கடிதம் எழுதும் தொண்டூழியனாக இருந்தேன். ஓர் இரவு, வாடகை பாக்கிக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். முதல் பத்து நிமிடம் பேரப்பிள்ளையைப் பற்றித்தான் பேசினார். கண் சிகிச்சைக்கு அப்புறம் இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை என்பது கடைசியில் எழுந்திருக்கும்போது வந்தது, அதுவும் தமிழில். கடிதத்தில் எழுத வேண்டியது அந்த ஒரு வரிதான். அவருக்கு வந்திருந்த ஆங்கிலக் கடிதத்தில் அதைக் கேட்கும் இடமே இல்லை.

உங்கள் மகள் இதைச் செய்து பார்க்கட்டும். இப்போது வேண்டாம், மேல்நிலைத் தேர்வு முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை சில மாதம் இருக்குமே, அப்போது வாரம் ஒரு மாலை போதும். இந்த நிகழ்ச்சிகளைக் கட்சித் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள், அதனால் எந்தத் தொகுதி, யாருடைய நிகழ்ச்சி என்பதை அவளே யோசித்து முடிவு செய்யட்டும். கட்சி வேண்டாம் என்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலோ குடும்பச் சேவை நிலையத்திலோ கேட்டுப் பார்க்கலாம். நான்கு மாலை உட்கார்ந்த பிறகும் ஐந்தாவது மாலை போக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவளிடமே கேளுங்கள்.

வரும் சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அவளுடைய மதிப்பெண் அறிக்கையையும், பாடத்தெரிவுப் பட்டியலையும் கொண்டுவாருங்கள். முதல் அரை மணி நேரம் அவளோடு தனியாகப் பேச அனுமதி கொடுங்கள்.