குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள், முதுகைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு வெள்ளை முயலுக்கு எட்டு வயது. பெண். நாலரைக் கிலோ இருக்கும். மூன்று மாதமாகப் பின்பக்கம் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, புழுக்கை வேறு ஒட்டிக் கெட்டியாகிவிடுகிறது. ஒரே நாற்றம். வாரம் ஒருமுறை நாய் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாலும் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. பின்னங்கால்கள் டைல்ஸில் வழுக்கி விரிகின்றன. முன்பு தாவி ஏறிய சோபாவில் இப்போது ஏறுவதில்லை. பெல்லட், கேரட், எப்போதாவது பிஸ்கட் கொடுக்கிறோம். வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்? – வாசகி, திருப்பூர்.

பதில்: முதலில் அந்த ஷாம்பு பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள். முயல் தன்னைத்தானே நக்கி நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பிராணி. அது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது என்றால், பெரும்பாலும் திரும்பிப் பின்பக்கத்தை எட்ட முடியவில்லை என்று பொருள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நாற்றம் அல்ல, அந்த சோபா. தாவுவதை நிறுத்திய முயலுக்கு முதுகிலோ இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். எட்டு வயது முயலுக்கு முதுமைதான், மறுக்கவில்லை. ஆனால் முதுமை என்பது நோயின் பெயர் அல்ல. மூட்டு வலிக்கு மருந்து இருக்கிறது.

வலிக்கும் ஈரத்துக்கும் என்ன தொடர்பு? ஆரோக்கியமான முயல் சிறுநீர் கழிக்கும்போது இடுப்பைத் தூக்கிப் பின்னால் பீய்ச்சும். முதுகெலும்பு இறுகிப்போனால் தூக்க முடியாது. அப்போது சிறுநீர் வயிற்றிலும் தொடையிலும் வழிந்து, தோல் சிவந்து, முடி உதிர்ந்து புண்ணாகும்.

புழுக்கைக் கதை வேறு. முயல் இரண்டு விதமாகப் போடும். ஒன்று நாம் தினமும் பெருக்கித் தள்ளும் உலர்ந்த உருண்டை. இன்னொன்று மெத்தென்று, பளபளப்பாக, சிறு சிறு உருண்டைகள் கொத்தாக ஒட்டி வருவது. இதைக் கீழே விழவிடாமல் குனிந்து வாயாலேயே எடுத்துச் சாப்பிட்டுவிடும். பெருங்குடல்வாயில் நுண்ணுயிரிகள் தயாரித்த புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. குனிய முடியாத முயல், உடல் பருத்த முயல், பல் வலிக்கிற முயல் இதை எடுக்காது. அது முடியில் நசுங்கி ஒட்டி, காய்ந்து கட்டியாகும். பெல்லட்டும் பிஸ்கட்டும் கேரட்டும் அதிகமானால் இந்தப் புழுக்கை இன்னும் இளகலாக, தேவைக்கு மேல் வரும். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே மருத்துவரிடம் "வயதாகிவிட்டது" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். முதுகு, இடுப்பு, வயிறு தெரிய எக்ஸ்ரே கேளுங்கள். முயல் உணவில் வரும் கால்சியத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும்; அதனால் சிறுநீர் கொஞ்சம் கலங்கலாக இருப்பது இயல்பே. சுண்ணாம்புக் குழம்பாக வந்தால் சிறுநீர்ப்பையில் படிவு சேர்ந்திருக்கிறது. கல் இருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். கடைவாய்ப் பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னங்கால் பலவீனத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் என்செஃபாலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணியும் காரணமாகலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. கருத்தடை செய்யாத பெண் முயல் என்றால் கருப்பையையும் விட்டுவிடக் கூடாது, வயதான பெண் முயல்களில் அங்கே புற்று வருவது சாதாரணம். பின்னங்கால் திடீரென்று செயலிழந்தால் மட்டும் எதற்கும் காத்திராமல் அன்றே ஓடுங்கள்.

மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்தால் பெரும்பாலும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து எழுதுவார்கள். அளவை மருத்துவர் சொல்லட்டும். நாய்க்கான அளவு முயலுக்குப் பொருந்தாது, சிறுநீரகமும் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற வலி மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தந்தால் பெயரைப் பாருங்கள். வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவை முயலின் குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். முயல் பார்த்துப் பழகாத மருத்துவர் என்றால் இதை நீங்களே தயங்காமல் கேட்கலாம், தப்பில்லை.

சரி, அதுவரை சுத்தம்? முழுக் குளியல் கூடவே கூடாது. பயத்தில் உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொண்ட முயல்கள் உண்டு. லேசான அழுக்குக்குக் கடையில் கிடைக்கும் கார்ன் ஃப்ளார் மாவைத் தூவி, விரலால் உதிர்த்து, சீப்பால் மெதுவாக வாரினால் போதும். டால்கம் பவுடர் வேண்டாம். தோல் புண்ணாகியிருந்தால் மாவும் வேண்டாம்.

கட்டி காய்ந்து ஒட்டியிருந்தால் அகலமான பேசினில் துண்டை விரித்து, இரண்டு அங்குலம் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்னங்கால்களுக்கு அடியில். பின்பக்கம் மட்டும் நனையட்டும். இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் தானாக நெகிழும். பிய்க்காதீர்கள், கத்தரிக்கோலும் வைக்காதீர்கள். தோல் அவ்வளவு மெல்லியது, முடியோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். அது சுகத்தில் கிடக்கவில்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது. சோப்பு, டெட்டால், மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம், தடவியதெல்லாம் நக்கி வயிற்றுக்குள் போகும். கழுவியதைவிட உலர்த்துவதில் கவனமாக இருங்கள். துண்டால் ஒற்றி, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து, முடியின் அடி வரை காய விடுங்கள். பின்பக்க முடியை மருத்துவமனையில் கிளிப்பர் போட்டுக் குறைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இவ்வளவு சொல்வது ஈக்காக. ஈரமும் மலமும் ஒட்டிய முடியில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அது சதையைத் தின்று உள்ளே போகும். காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள். புழுவைப் பார்த்தால் கண்ணில் படுவதை இடுக்கியால் எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள், மறுநாள் காலை வரை தள்ளாதீர்கள். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைன் முயலுக்கு ஆகாது. நாய் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலைக் கொன்றுவிடும்.

அப்புறம் தரை. டைல்ஸில் கால் விரிய விரிய மூட்டு இன்னும் கெடும். அது நடமாடும் வழி முழுக்க யோகா மேட் அல்லது ரப்பர் விரிப்பு போட்டு, மேலே பருத்தித் துணி விரியுங்கள். படுக்கும் இடத்தில் குழந்தைகளுக்குப் போடும் டிரை ஷீட் நன்றாக வேலை செய்யும், கடித்துத் தின்னாத முயலாக இருந்தால். கம்பித் தரைக் கூண்டு என்றால் உடனே மாற்றுங்கள். முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு இருப்பது போன்ற மெத்தை கிடையாது, குதிகால் புண்ணாகும். கழிப்புத் தட்டின் முன்பக்கத்தைத் தாண்டாமல் நுழையும்படி வெட்டி, ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். நகம் நீண்டிருந்தாலும் வழுக்கும்.

தீவனத்தில் பிஸ்கட்டை இன்றே நிறுத்துங்கள். கேரட் எப்போதாவது ஒரு துண்டு. பெல்லட்டை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக, கிலோ எடைக்கு 20 கிராமுக்கு மேல் போகாதபடி குறையுங்கள். மீதி எல்லாம் புல். திமோதி ஹே என்ற உலர்புல் விலை கட்டுப்படியாகாது என்றால் மருந்தடிக்காத அறுகம்புல், மாட்டுக்கு அறுக்கும் கம்பு நேப்பியர் புல் போதும். குதிரைமசாலில் கால்சியம் அதிகம், உங்கள் முயலுக்கு வேண்டாம். முருங்கை, அகத்திக் கீரையும் அப்படித்தான். மெலிய வைக்கிறேன் என்று பட்டினி போடக் கூடாது. அரை நாள் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அதுவே அவசர நிலை.

வலி மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் அது தானாகவே நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கினால் காரணம் அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கும் வலி அடங்காமல், தின்னவும் விருப்பமில்லாமல் கிடந்தால், வேதனையில்லாமல் அனுப்பிவைப்பது பற்றியும் மருத்துவரிடம் பேசத்தான் வேண்டும். நீங்கள் இன்னும் அந்த இடத்தில் இல்லை.

உள்ளூரில் முயல் பார்ப்பவர் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுப்பதானாலும் வெறும் வயிற்றோடு கொண்டு போகாதீர்கள், முயலுக்கு வாந்தி வராது. கூடையில் புல்லையும் வையுங்கள். மருத்துவமனை மேசையில் முயல் பயத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடும், நொண்டுவது தெரியவே தெரியாது. அதனால் வீட்டில் அது நடப்பதையும், சிறுநீர் கழிப்பதையும் செல்போனில் வீடியோ எடுத்துக் கொண்டு போய்க் காட்டுங்கள்.