10க்கு 12 ரூமுக்கு 379 சதுர அடி கண்ணாடியா?

கேள்வி: சார், நான் கோத்தகிரில இருக்கற ரிட்டயர்டு டீச்சர். வீட்டுக்கு கிழக்கால கொஞ்சம் இடம் சும்மா கெடக்கு. சுவரோட ஒட்டி ஒரு கண்ணாடி ரூம் போட்டு பெகோனியா, ஆர்க்கிட் தொட்டியெல்லாம் அடுக்கி, காலைல அங்கயே உக்காந்து டீ குடிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வீட்டுக்காரர் "போடறதுதான் போடறோம், 10க்கு 12ஆ போட்டுருவோம்"ங்கறார். மேஸ்திரி 120 சதுர அடினு ஒரு தொகை சொன்னார். கண்ணாடிக்காரர் வந்து அளந்துட்டு 379 சதுர அடிங்கறார். யார் சார் ஏமாத்தறாங்க?

பதில்: யாரும் ஏமாத்தல டீச்சர். மேஸ்திரி தரைய அளந்தார், கண்ணாடிக்காரர் ரூமோட தோலை, அதாவது கண்ணாடி மூடற பக்கத்தையும் கூரையையும் அளந்தார், அவ்ளோதான். நீங்களே போட்டுப் பாருங்க, வீட்டுச் சுவர் 12 அடி ஒரு பக்கம் ஃப்ரீயா கெடச்சுருச்சு, அத விட்டுருங்க. முன்பக்கம் 12க்கு 7 உயரம், 84. ரெண்டு சைடும் 10 அடி, உயரம் முன்னாடி 7, சுவர் பக்கம் 10, சராசரி எட்டரைனு வெச்சா ரெண்டுக்கும் சேத்து 170. சரிவான கூரை சுமார் 125. கூட்டுனா 379 வருதா? கண்ணாடி ரூம்ல காசு போறது இந்த தோலுக்குத்தான், தரைக்கு இல்ல. தரைய வெச்சு ரேட் பேசினா பாதி வேலைல பணம் பத்தலனு நிக்க வேண்டியதுதான்.

இப்ப எப்படி கொறைக்கறதுனு பாப்போம். கீழ ரெண்டு அடி செங்கல் சுவர் வெச்சுட்டு அதுக்கு மேல கண்ணாடி போடுங்க, 64 சதுர அடி மிச்சம், தொட்டி தட்டி உடையற பயமும் இல்ல. கூடவே கூரை சரிவ மாத்தாம சைஸ 8க்கு 10 ஆக்கினா மொத்தமே 233 தான் வருது. தரைல கொறஞ்சது 40 சதுர அடி, கண்ணாடில கொறஞ்சது 146, கணக்கு டீச்சரா இருந்திருந்தா இந்நேரம் நீங்களே சொல்லிருப்பீங்க!

8க்கு 10 பத்துமானு சந்தேகம் வரும். நாளைக்கு காலைல கோலப்பொடி எடுத்து அந்த இடத்துலயே 8க்கு 10 கட்டம் போடுங்க. உள்ள ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு ஸ்டூல் போட்டு, முன்பக்கமா ஒன்றரை அடிக்கு தொட்டிங்கள வரிசையா வெச்சு, நடக்க ரெண்டு அடி விட்டு, டீ டம்ளர கைல புடிச்சுட்டு வீட்டுக்காரர எந்திரிச்சு வெளிய போகச் சொல்லுங்க. அவர் முட்டி தொட்டில இடிச்சா அரை அடி கூட்டிக்கலாம், இடிக்கலனா பேச்சே இல்ல. நாலஞ்சு நாள் அந்த கோட்டுக்குள்ளயே உக்காந்து டீ குடிங்க, வெயில் எப்ப எங்க விழுதுனும் தெரிஞ்சுரும்.

கொட்டேஷன் வாங்கும்போது கண்ணாடி, ஃபிரேம், அஸ்திவாரம் மூணையும் தனித்தனியா எழுதித்தரச் சொல்லுங்க. மலைமேல ஏத்தற லாரி வாடகை யாரோடது, வளைவுல உடைஞ்சா நஷ்டம் யாரோடது, இதையும் எழுத்துலயே வாங்கிருங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். அந்த இடம் நிரவின மண்ணுனா கெட்டி மண் வர்ற வரைக்கும் தோண்டித்தான் ஆகணும், இல்லனா புது ரூம் மட்டும் இறங்கி வீட்டுச் சுவர் கிட்ட விரிசல் விடும், மழை தண்ணி அது வழியாதான் முதல்ல ஒழுகும். அப்புறம் பெர்மிஷன். நீலகிரில 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கு, உங்களோடது 10 அடிதான், அதுல வம்பில்ல, ஆனா எக்ஸ்டென்ஷன்னாலே பிளான் காட்டி அனுமதி வாங்கிட்டு அப்புறமா கல்லு இறக்குங்க.

கேள்வி: கொடைக்கானல்ல வீட்டோட இதே மாதிரி 10க்கு 12 போடறோம். கூரைக்கு கண்ணாடியா, பாலிகார்பனேட்டா? குரங்கு தொல்லை வேற.

பதில்: கூரைக்கு பாலிகார்பனேட் (வெளிச்சம் விடற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்), சுவருக்கு கண்ணாடி, என் ஓட்டு இதுக்குத்தான். கூரைக்கும் கண்ணாடிதான் வேணும்னா சாதா கண்ணாடி போடவே கூடாது, நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்சு ரெண்டு கண்ணாடிய ஒட்டின லேமினேட்டட் தான் போடணும், உடைஞ்சாலும் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும், தலைல விழாது. ஆனா அது 5+5 எம்எம்னா சதுர மீட்டருக்கு 25 கிலோ. உங்க கூரைக்கு மட்டும் 290 கிலோ, அத தாங்க இரும்பும் அதுக்கேத்தாப்ல. 10 எம்எம் ட்வின்வால் பாலிகார்பனேட், அதாவது ரெண்டு அடுக்குக்கு நடுவுல குழாய் குழாயா காலியா இருக்கற ஷீட், மொத்தமே 20 கிலோதான், குரங்கு குதிச்சாலும் சட்டுனு உடையாது. மழை பெஞ்சா தகரம் மாதிரி தடதடனு சத்தம் வரும், வருஷம் போகப் போக மஞ்சளாகும், அதையும் சொல்லிடறேன்.

மாட்டும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க. வெயில தாங்கற யூவி கோட்டிங் இருக்கற பக்கம் வானத்த பாக்கணும், உள்ள இருக்கற குழாய் கோடு சரிவுவாக்குல மேலிருந்து கீழ வரணும், ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் பெருசா இருக்கணும். வெயிலுக்கு ஷீட் நீளும், 3 மீட்டர் ஷீட் 30 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 6 எம்எம் நீளும், எடமில்லனா வளைஞ்சு நிக்கும்.

கேள்வி: ஊட்டி காந்தல்ல இருக்கோம். கண்ணாடி ரூம் போட்டா உறைபனில செடி கருகாதுல்ல?

பதில்: பொட்டானிக்கல் கார்டன் கிளாஸ் ஹவுஸ பாத்துட்டு வந்து எல்லாரும் கேக்கற கேள்வி. அது 1848ல ஆரம்பிச்ச கார்டன், பாத்துக்க ஆள் படை இருக்கு. நம்ம வீட்டுக்கு ஒரே அடுக்கு கண்ணாடி போட்டா உறைபனி நேரா இலைல விழாது, அது வரைக்கும் லாபம். மத்தபடி ராத்திரி உள்ளயும் குளிரத்தான் செய்யும்.

நான் பயந்தது பனிக்கு, என்ன கவுத்தது வெயில். எங்க வீட்ல முதல்ல போட்டப்ப கூரைல ஜன்னலே வெக்கல, காசு மிச்சம்னு நெனச்சேன். பிப்ரவரில ஒரு நாள் கதவ சாத்திட்டு கல்யாணத்துக்கு போயிட்டு சாயங்காலம் வந்து பாத்தா பெகோனியா இலையெல்லாம் அவிச்ச கீரை மாதிரி தொட்டி விளிம்புல தொங்குது. தரை அளவுல 15லேர்ந்து 20 சதவீதம் கூரைல தொறக்கற மாதிரி இருக்கணும், 80 சதுர அடிக்கு 12லேர்ந்து 16. கூரைய பிரிச்சு அப்புறமா ஜன்னல் வெச்சதுக்கு ஆன செலவுல இன்னொரு பக்க சுவரே போட்டிருக்கலாம். நீங்க ரூம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு மினிமம்-மேக்ஸிமம் தெர்மாமீட்டர் (எவ்ளோ கொறஞ்சுது, எவ்ளோ ஏறுச்சுனு ரெண்டையும் காட்டும்) வாங்கி அந்த சுவர்ல ஆணியடிச்சு மாட்டுங்க, டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசமும் தினம் காலைல பாத்து காலண்டர்லயே குறிச்சுட்டு வாங்க. அந்த தாள எனக்கு அனுப்புங்க, ஹீட்டர் வேணுமா வேண்டாமானு அப்ப சொல்றேன்.