நிமிடத்துக்கு 180 அடி வைத்து ஓடினால் முழங்கால் வலி வராது என்கிறார்களே, உண்மையா?

நீங்கள் அநேகமாக 10 கிலோமீட்டர் ஓடிப் பழகி, அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருப்பீர்கள். வாட்ச் 158, 160 என்று காட்டுகிறது, யாரோ 180 என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதேதான் நடந்தது.

அந்த 180 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் அடிகளை ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் எண்ணிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லோருமே 180 அல்லது அதற்கு மேல். ஆனால் அது ஒலிம்பிக் பந்தய வேகம். வேகம் கூடினால் அடியும் கூடும், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுக்கும் நமக்கு அதே எண் எதற்கு?

இது தெரியாமல் நான் 156-லிருந்து ஒரே நாளில் 180-க்குப் போனேன். காதில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) டிக் டிக் என்று அடிக்க, விடியற்காலை ஐந்து மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் முன்பாதத்தாலேயே குதித்துக் குதித்து ஓடினேன். முழங்கால் வலி குறைந்தது, அதை மறுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலுக்கு மேலே சுரீர் என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் வரை போக முடிந்தது. இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் வலது அக்கிலிஸ், அதாவது கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாண், இடதை விடத் தடித்திருந்தது. ஏழு வாரம் ஓட்டம் கிடையாது. மாடிப்படி ஓரத்தில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவதுதான் தினமும் வேலை. முன்பாதத்தில் ஓடினால் சுமை கெண்டைக்காலுக்குப் போகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

சரி, அடியைக் கூட்டவே கூடாதா? கூட்டலாம், கொஞ்சமாக. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹைடர்ஷைட் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவரவர் வழக்கமான அடியை விட 5 முதல் 10 சதவீதம் கூட்டியதிலேயே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைந்தது. கால் ரொம்ப முன்னால் நீளாமல் உடம்புக்குக் கீழேயே விழுகிறது, அவ்வளவுதான் விஷயம். நான் இப்போது 164. இதற்கு இரண்டு மாதம் ஆனது.

நான் டாக்டர் இல்லை. 180-இல் சுகமாக ஓடுகிறவர்கள் அப்படியே ஓடுங்கள், உங்களை மாற்றச் சொல்லவில்லை.

குணமாகி ஓடிய முதல் அரை மாரத்தானில் 17-வது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சென்னைப் புழுக்கத்தில்! நுழைவுக் கட்டணத்தில் டீ-ஷர்ட்டும் பதக்கமும் பையும் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, கடைசியில் வருகிறவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைக்கத் தெரியவில்லையே. இன்னும் ஆறவில்லை எனக்கு.

நாளைக்கு ஓடும்போது வலது கால் 30 வினாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதில் 5 சதவீதம் மட்டும் கூட்டி, முதலில் ஒரு கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள்.