மானியம் கேட்கும் முன்: பணியிடப் பாதுகாப்பு கேள்வி - பதில்

சேலம் மாவட்டம் தலைவாசல் பக்கம் ஜவ்வரிசி (சேகோ) ஆலை நடத்துகிறோம். 24 பேர் வேலை செய்கிறார்கள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். இதற்கு அரசு மானியம் கிடைக்குமா?

பயிற்சி நடத்திவிட்டு ரசீதை நீட்டினால் காசு தரும் திட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். பயிற்சி தருவது ஆலை நடத்துபவரின் சட்டக் கடமை. மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படியும் அது தொழிற்சாலைதான்.

பக்கவழி ஒன்று உண்டு. மத்திய குறு, சிறு தொழில் அமைச்சகம் தரும் 'ஜெட்' (ZED) சான்றிதழ் அது. பொருளில் குறை கூடாது, சூழலுக்குக் கேடு கூடாது என்பது அதன் கருத்து. முதல் படியான வெண்கலச் சான்றுக்குப் பார்க்கப்படும் 5 அம்சங்களில் பணியிடப் பாதுகாப்பும் ஒன்று. திட்ட அறிவிப்புப்படி கட்டணம் வெண்கலத்துக்கு 10,000 ரூபாய், வெள்ளிக்கு 40,000, தங்கத்துக்கு 90,000. இதில் குறுந்தொழிலுக்கு 80%, சிறுதொழிலுக்கு 60%, நடுத்தரத் தொழிலுக்கு 50% அரசு ஏற்கிறது. உறுதிமொழி எடுத்துப் பதிவு செய்தால் 10,000 ரூபாய் சேர்க்கைச் சலுகையும் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் ஜெட் தளத்தில் என்ன கட்டணம் போட்டிருக்கிறதோ அதுதான் செல்லும், பார்த்துக்கொண்டு கட்டுங்கள்.

இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழில் வரம்பு முதலீட்டில் இரண்டரைக் கோடியாகவும் விற்றுமுதலில் 10 கோடியாகவும் உயர்ந்துவிட்டது. வருடம் 8 கோடிக்கு ஜவ்வரிசி விற்கும் ஆலை முன்பு சிறுதொழில். முதலீடும் வரம்புக்குள் இருந்தால் இப்போது குறுந்தொழில். வெள்ளிச் சான்றுக்கு 16,000 கட்ட வேண்டியவர் 8,000 கட்டினால் போதும். எனவே முதலில் உங்கள் தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழை எடுத்து எந்த வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். உற்பத்தி என்பதற்குப் பதில் வியாபாரம் என்று பதிவாகியிருந்தால் அதைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள். இந்தச் சலுகை உற்பத்திப் பிரிவுக்கு.

இனி பயிற்சி. சான்றுக்காக அல்ல, உயிருக்காக இதைச் செய்யுங்கள். மரவள்ளிக் கழிவுநீர் தேங்கிப் புளித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லும் நேரம்தான் ஆபத்தான நேரம். மயங்கி விழுந்தவரைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவார்.

இறங்குவதற்கு முன் ஊதுவிசிறி வைத்துக் காற்று செலுத்த வேண்டும். பிறகு கயிற்றில் கட்டிய வாயு அளவியை மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, ஹைட்ரஜன் சல்பைடு எச்சரிக்கை ஒலித்தாலோ யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஆள் இருக்கும் வரை விசிறி ஓடட்டும். இறங்குபவர் உடலில் பாதுகாப்புப் பட்டைவாரும் (ஹார்னஸ்), மேலே மூன்று கால் தாங்கியில் (ட்ரைபாட்) கயிறும் இருக்க வேண்டும். மேலே நிற்கும் காவலாள் எந்த வேலைக்கும் நகரக் கூடாது. மோட்டார் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுச் சாவியை இறங்குபவரிடமே கொடுங்கள். ஈரத் தரையில் ஓடும் பம்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் போட்டிருக்கிறதா என்று அன்றைக்கே சோதியுங்கள்.

வடமாநிலத்துத் தொழிலாளர்கள் இருந்தால் பயிற்சி இந்தியில் நடக்கட்டும். புரியாத மொழியில் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டால் பதிவேடு நிறையும், வேறொன்றும் நடக்காது. தேதி, தலைப்பு, நேரம், வந்தவர்கள் கையெழுத்து, தொட்டியருகே எடுத்த படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஜெட் விண்ணப்பத்தில் பதிவேற்றவும் இவைதான் உதவும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆறு பேர். எங்களுக்கு என்ன கிடைக்கும்?

ஆறு பேர் என்பதால் தொழிற்சாலைக்கான சட்ட விதிகள் உங்களைத் தொடாது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள். 35 வயது நிரம்பிய கைவினைஞருக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25% மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். வட்டியிலும் 5% சலுகை. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக. திட்ட அறிக்கையில் அச்சு, உருட்டு இயந்திரத்தோடு புகை இழுக்கும் விசிறியையும் கூண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பிறகு தனியாக வாங்கலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை.

ஏன் விசிறி? பற்றவைக்கும் கலவையில் காட்மியம் இருந்தால் அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அன்று இரவு காய்ச்சல்போலத் தொடங்குவதால் பலர் சாதாரணச் சளி என்று விட்டுவிடுகிறார்கள். காட்மியம் இல்லாத கலவை கேட்டு வாங்குங்கள். முகமூடித் துணி இந்தப் புகைக்கு ஒன்றும் செய்யாது. கேஸ் சிலிண்டர் அடுப்பு மேடைக்குக் கீழே இருக்கக் கூடாது. குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்து செயல்விளக்கம் கேளுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம், அப்போது கேட்பது எளிது.

ஏற்காட்டில் காபித் தோட்டம். மருந்து அடிப்பவர்களுக்கும் மிளகு பறிக்க ஏணி ஏறுபவர்களுக்கும் பயிற்சி எங்கே கிடைக்கும்?

சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். தோட்டத்தில் ரசாயனத்தைக் கையாளச் சொல்லித் தரும் பொறுப்பை, தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 2010 திருத்தத்திலிருந்தே சட்டம் தோட்ட முதலாளி தலையில் வைத்திருக்கிறது. தெளிப்பான், புல் வெட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்கு வேளாண் பொறியியல் துறையில் 40%, சிறு-குறு விவசாயி, பெண், பட்டியலினத்தவருக்கு 50% வரை மானியம் உண்டு. ஆனால் அது கருவிக்குத்தான், பயிற்சிக்கு அல்ல.

காபியின் இலைத் துரு நோய்க்கு அடிக்கும் 0.5% போர்டோ கலவையில் (ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர்) துத்தத்தைவிடச் சுண்ணாம்பை நீற்றும்போதுதான் கண் போகிறது. கொதித்துத் தெறிக்கும். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்க்கும்போது மேல் முனையைக் கயிற்றால் மரத்தோடு கட்டுங்கள். மின்கம்பி போகும் வரிசையில் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம்.

லேத் பட்டறையில் 8 பேர். புதிதாக வரும் பையன்களைப் பழக்க ஏதாவது உதவி?

தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் பதியுங்கள். 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு இது விருப்பம், 30 முதல் கட்டாயம். உதவித்தொகையில் 25%, மாதம் 1,500 ரூபாய்க்குள், அரசு பழகுநர் வங்கிக் கணக்கிலேயே போடும். ஆதார் இணைக்காத கணக்கு என்றால் பணம் நின்றுவிடும். ஒப்பந்தம் பதிவாகும் முன் பையனை லேத்தில் நிறுத்தாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு லேத்தில் சுழலும் பிடிப்பானை (சக்) தொடக் கூடாது என்பது முதல் நாள் பாடமாக இருக்கட்டும்.