உண்ணிக் கடிக்குப் பிறகு கண் இருட்டினால்

கேள்வி: ஜூனில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மகள் வீட்டில் இருந்தபோது தொடையில் உண்ணி கடித்தது. அந்த இடத்தில் உள்ளங்கை அளவு சிவந்து படர்ந்து, தானாக மறைந்தது. சிங்கப்பூர் திரும்பிய பிறகு இரண்டு முறை கண் இருட்டியது, படபடப்பும் உண்டு. உண்ணிக் கிருமி இதயத் தசையை அழித்துவிடும் என்று இணையத்தில் படித்தேன். என் அண்ணன் இதயம் வீங்கித்தான் இறந்தார். மூன்று நாளாக மனைவியின் பிசோபுரோலால் மாத்திரையில் பாதி போடுகிறேன். மூட்டு வலி, முடி உதிர்வும் இதனாலா?
- 58 வயது வாசகர், ஈசூன்

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. உங்கள் உடம்பில் இப்போது நடப்பதாக நான் சந்தேகிப்பதை அது இன்னும் மோசமாக்கும்.

உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயின் கிருமி இதயத்துக்குள் போனால், பெரும்பாலும் தாக்குவது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் பாதையைத்தான். கடித்த சில வாரங்களில், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் இது வரும். நீங்கள் சரியாக அந்தக் காலக்கட்டத்தில் இருக்கிறீர்கள். ஆகவே கண் இருட்டியது ஒன்றுதான் எனக்குக் கவலை. பலதுறை மருந்தகத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். இன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் இசிஜி எடுங்கள். கார் ஓட்டாதீர்கள். மயங்கி விழுந்தால் வீட்டார் 995ஐ அழைக்கட்டும். 'இப்போது நாடி ஒழுங்காகத்தான் இருக்கிறது' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அந்தப் பாதையில் மின்துடிப்புக்கு ஏற்படும் தடை சில மணி நேரத்தில், சில சமயம் நிமிடங்களிலேயே முற்றிவிடும்.

இசிஜியில் பிஆர் இடைவெளி, அதாவது மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம், 200 மில்லி விநாடி வரை இருப்பது இயல்பு. 300ஐத் தொட்டாலோ, மயக்கம் வந்திருந்தாலோ, மானிட்டர் பொருத்திய வார்டில் வைத்து ரத்தக் குழாய் வழியாக செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். பிறகு மாத்திரைக்கு மாற்றி, மொத்தம் 14 முதல் 21 நாள் சிகிச்சை.

அங்கே போனதும் முதல் வாக்கியத்திலேயே கனெக்டிகட், உண்ணி, சிவந்த படர்வு மூன்றையும் சொல்லிவிடுங்கள். இந்த நோய் இங்கே பரவுவதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் சட்டென்று தோன்றாது. 58 வயதில் இதயத்தில் இப்படி மின்தடை என்றால் நிரந்தர பேஸ்மேக்கர் வைக்கும் பேச்சு வரும். லைம் நோயால் வந்த தடையோ ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில், சில வாரத்தில் தானே விலகும். இடையில் தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் போதும்.

இனி, இதயத் தசை. 1990இல் ஆஸ்திரிய மருத்துவர்கள், நெடுநாள் இதயம் வீங்கியிருந்த ஒருவரின் தசையிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தது உண்மை. இணையம் அதைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்துகிறது. ஆனால் இதய வீக்கத்துக்கு இது ஒரு பொதுவான காரணம் என்று அதன் பிறகும் நிரூபணமாகவில்லை. தசையில் அழற்சி வந்தாலும் பெரும்பாலும் லேசானதுதான், ஆறிவிடும்.

உங்கள் அண்ணனுக்கு வந்தது வேறு கதை. அந்த வீக்கம் சில குடும்பங்களில் மரபணு வழியாக வரும். உண்ணி கடிக்காமலே இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒரு எக்கோ ஸ்கேன் தேவைதான். மின்தடை சரியானதும் அதைக் கேட்டு எடுங்கள். உடன்பிறந்த மற்றவர்களும் எடுக்கட்டும்.

முடி உதிர்வு லைமின் வழக்கமான அறிகுறி அல்ல. மூட்டைப் பொறுத்தவரை, முழங்கால் பெரிதாக வீங்கினால் மட்டும் சொல்லுங்கள்.