கட்டணம் திரும்ப வர வேண்டுமானால், அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்

கேள்வி: நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் என் மகனை பி.டெக். சேர்த்தேன். ரசீதுடன் 3.5 லட்சமும், நன்கொடையாக ரொக்கம் 4 லட்சமும் கொடுத்தேன். கையேட்டில் காட்டிய ஆராய்ச்சிக் கூடங்கள் பூட்டியே கிடந்தன. பிறகு கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்ததால், ஆகஸ்ட் 10 அன்று தொலைபேசியில் விலகலைச் சொன்னேன். எழுத்தில் கொடுத்தது செப்டம்பர் 8. அந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், கட்டணம் கோர மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்கிறார்கள். அலுவலர் அவமதித்தும் பேசினார். என்ன செய்வது?

பதில்: பூட்டிக் கிடந்த ஆராய்ச்சிக் கூடமும் அலுவலரின் பேச்சும் உங்களை எவ்வளவு வருத்தியிருந்தாலும், அவற்றால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. விலகல் எந்தத் தேதியில் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது, அதற்குச் சான்று உண்டா என்பதே கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையின்படி, கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கையில் விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம் போக முழுத் தொகையும் உங்களுடையது. கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம். ஆகவே ஆகஸ்ட் 10 என்றால் 3,45,000. செப்டம்பர் 8 என்றால் 2,80,000. அன்றைய தொலைபேசி உரையாடலை ஒட்டி வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பியிருந்தால் முதல் தேதியைக் கோரலாம். வெறும் பேச்சு மட்டும்தான் என்றால் இரண்டாவது தேதியை வைத்துக் கணக்கிடுங்கள். சில கல்வியாண்டுகளுக்கு மானியக் குழு தனிச் சலுகைத் தேதிகளை அறிவித்ததுண்டு. உங்கள் ஆண்டுக்கு அப்படி ஏதும் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் தோற்பது தேதியில் அல்ல, நிர்வாகம் நீட்டும் அந்தக் கடிதத்தில்தான். புதிய கல்லூரி அசல் சான்றிதழ் கேட்கிறது என்ற பதற்றத்தில் கையெழுத்திட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்கிறார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய கடிதம் எதிர்த்தரப்பு கையில் இருக்கும்போது, கட்டாயத்தை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். இடைப்பட்ட மாதங்களின் மௌனம் அவர்களுக்கே சாட்சி சொல்லும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதே அறிவிக்கை சொல்கிறது. எனவே ‘சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டேன், கட்டணக் கோரிக்கை நிலுவையில் உள்ளது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுத்தால், சான்றிதழுக்காக மட்டும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். அதில் பணத் தகராறைக் கலக்க வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், இன்றே விரைவுத் தபாலில் அந்தக் கடிதத்துக்கு மறுப்பை அனுப்புங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவதில்லை என்று தேசிய ஆணையம் 2020இல் தீர்ப்பளித்தது. அந்த விவாதத்துக்குள் நுழைந்து ஆண்டுகளை இழக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் குறைதீர் குழு, அதற்கு மேல் குறைதீர்ப்பாளர், பிறகு மானியக் குழு என்ற வரிசையில் போங்கள்.

இனி அந்த 4 லட்சம். நன்கொடை வசூலைத் தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பது உண்மை. ஆனால் ரசீதில்லாத, சட்டத்துக்குப் புறம்பான கொடுக்கல் வாங்கலில் கொடுத்தவருக்கு உரிமையியல் நீதிமன்றம் எளிதில் கைகொடுக்காது. வழக்கறிஞர் அறிவிப்பில் இந்தத் தொகையைச் சேர்த்தால் அவர்கள் ஒரே வரியில் மறுப்பார்கள். ரசீதுள்ள பணமும் அந்தத் தகராறோடு சேர்ந்து முடங்கும். அதற்கு மேல், அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரித் துறைக்கு நீங்கள் விளக்க வேண்டி வரலாம். புகார் கொடுப்பது உங்கள் உரிமை, தனியாகக் கொடுங்கள். ஆனால் அதைப் பணம் மீட்கும் வழியாக எண்ண வேண்டாம். வெளிப்படையாகச் சொன்னால், அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

நிர்வாகம் பேச்சுக்கு வந்து 2,80,000 தர முன்வந்தால், ஆகஸ்ட் 10க்குச் சான்று இல்லாத நிலையில், மீதி 65,000க்காக வழக்காடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். காசோலை பணமாகிக் கணக்கில் ஏறிய பிறகே கோரிக்கை தீர்ந்தது என்று எழுதிக் கொடுங்கள்.